உடன் வருபவர்

"மேடம், சாரை நான்-அக்கம்பனியிங்னு போட்டுடலாம். உங்களுக்கு இருபத்தஞ்சு பாயின்ட் ஏறும்."

2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, மதுரையில் வெளிநாட்டுக் குடியேற்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அலுவலகத்தில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய இளைஞர் ஒருவர் என் மனைவியிடம் இதைச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். வயது, படிப்பு, மொழி என்று புள்ளி போட்டு, அதிகம் எடுத்தவர்களைக் குடியேற அழைக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பத்தில், முதன்மை விண்ணப்பதாரரின் வாழ்க்கைத் துணை உடன் வருபவரா, உடன் வராதவரா என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு. வராதவர் என்று குறித்தால் விண்ணப்பதாரரைத் தனியாளாகக் கருதிப் புள்ளி போடுவார்கள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு துணையை அழைத்துக்கொள்ளத் தனியாக ஒரு வழி இருக்கிறது. உண்மையிலேயே சேர்ந்து போக முடியாத தம்பதியருக்காக வைத்த கட்டம் அது. புள்ளிக்காக அதைப் பயன்படுத்தச் சொல்வது இந்தத் தொழிலில் சாதாரண யோசனையாகிவிட்டது. நான் பதினோரு ஆண்டுகளாக வக்கீல். தெரிந்தே ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பினால் என்ன ஆகும் என்று அந்த இளைஞருக்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்திருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. சட்டத்தைவிட அந்த இருபத்தைந்துதான் என்னைக் குத்தியது. இன்றுவரை குத்திக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. மனைவிக்கு அப்போது 33 வயது, எம்.சி.ஏ. படிப்பு, பத்தாண்டு மென்பொருள் அனுபவம், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதிகளிலும் வேண்டிய அளவு. தனியாள் என்றால் வயதுக்கு 88, படிப்புக்கு 135, மொழிக்கு 124; படிப்பும் அனுபவமும் மொழித் தேர்ச்சியோடு சேர்வதால் கிடைக்கும் கூடுதல் 100; ஆக 447. கணவனும் வருகிறான் என்றால் அதே வயதுக்கு 80, அதே படிப்புக்கு 126, அதே மொழிக்கு 116, கூடுதல் அதே 100, ஆக 422. துணை வருகிறார் என்றால் உச்சவரம்பில் குறைக்கும் 40ஐத் துணையின் படிப்புக்கும் மொழிக்கும் கனடாவில் அவர் ஏற்கெனவே பார்த்த வேலைக்குமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்பவில்லை, மொழித்தேர்வும் எழுதவில்லை. ஆகவே என் பங்கு பூஜ்யம். கனடாவுக்குள் காலே வைக்காத ஒருவன் எல்லாவற்றையும் முழுமையாகச் செய்துமுடித்தாலும் கிடைப்பது 30. மொத்தம் 452 ஆகும். அதாவது, நான் மிகச் சிறப்பாக நடந்துகொண்டால் என் மனைவிக்கு ஐந்து புள்ளி லாபம். சும்மா இருந்தால் இருபத்தைந்து நட்டம்.

ரோஷத்தில் சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்பி, தேர்வும் எழுதினேன். எழுத்துப் பகுதியில் 6.5 வந்தது, முழுப் புள்ளிக்கு 7 வேண்டும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆங்கிலத்திலேயே மனுக்களை எழுதிப் பிழைக்கிறவனுக்கு 6.5! "நீங்க ஒரு வாக்கியத்தை ஆரம்பிச்சா முடிக்கிறதுக்கு ஒரு பக்கம் ஆகுதுங்க" என்று மனைவி காரணம் சொன்னாள். அந்த அரைப் புள்ளி இரண்டைத் தின்றதில் மொத்தம் 450 என்று நின்றது. என் பெறுமானம் மூன்று.

நீள நோட்டு

அந்தச் சனிக்கிழமை இரவைச் சொல்வதற்கு முன்பு எங்கள் நோட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நீதிமன்ற வளாகத்துக் கடையில் வாங்கிய, கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. 2023 டிசம்பரில் அதில் பத்தி பிரித்துக் கோடு போட்டவன் நான்தான்: நாடு, விசா, செலவு, சம்பளம், குளிர், அம்மா. இதற்கென்று எக்செல் கோப்பு வைத்திருக்கும் நண்பர்கள் உண்டு. எனக்குக் கையால் கோடு போட்டால்தான் யோசனை ஓடும். இடப்பக்கத்தில் கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன், சிங்கப்பூர், நியூசிலாந்து என்று ஆறு வரிசைகள்.

சில வரிசைகள் சீக்கிரமே மங்கின. ஆஸ்திரேலியாவில் 32 வயது முடியும்வரை வயதுக்கு 30 புள்ளி, 33 பிறந்தால் 25. நோட்டுப் போட்ட மூன்றாவது மாதமே மனைவிக்கு 33 பிறந்தது. அங்கே 65 புள்ளி இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பது ஏட்டளவில்தான். மென்பொருள்காரர்களுக்கு அழைப்பு வரும் இடம் அதற்கு வெகு மேலே. நியூசிலாந்துக்கு அங்கேயிருந்து வேலைக் கடிதம் கையில் வேண்டும். சிங்கப்பூர் என்றால் விமானத்தில் நான்கு மணி நேரம்; இறங்கினால் அறிவிப்புப் பலகையில் தமிழ்; அம்மாவுக்கு இட்லி. ஆனால் 2021 மே முதல், அங்கே வேலை பார்ப்பவரைச் சார்ந்து வரும் துணை, வேலைக்குப் போக வேண்டுமென்றால் தனக்கென ஒரு வேலை அனுமதியைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். அந்த விதியை நான் நோட்டில் எழுதவே இல்லை என்பதைப் பின்னால்தான் கவனித்தேன். எழுதுவதற்குப் பத்தி இல்லை.

நிறைய நேரம் தின்றது "அம்மா" என்ற பத்திதான். நாடுகள் உண்மையில் வேறுபடுவது இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. சம்பளமும் குளிரும் முன்னே பின்னே இருக்கும், பெற்றோரை என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு அரசுக்கும் ஒரு மனசு. கனடா சூப்பர் விசா தருகிறது. ஒரு தடவை வந்தால் ஐந்தாண்டு வரை தங்கலாம். ஜெர்மனி, 2024 மார்ச் 1ஆம் தேதிக்குப் பின் முதல் அனுமதி பெறும் தொழில்திறனாளர்கள் பெற்றோரை அழைத்துக்கொள்ளக் கதவைத் திறந்தது. ஆனால் அறுபது தாண்டியவருக்கு அங்கே மருத்துவக் காப்பீடு எடுத்துக் காட்டும்போதுதான் அந்தக் கதவின் அகலம் தெரியும். ஆஸ்திரேலியாவில், பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே குடியிருக்க வேண்டும். நாங்கள் இருவர், அக்கா திண்டுக்கல்லில், நான் போனால் சரிபாதி, தேர்ச்சி! தேறிய பிறகு, பணம் கட்டும் வழி என்றால் ஒருவருக்கு நாற்பதாயிரம் டாலருக்கு மேல். கட்டாத வழி என்றால் காத்திருப்பு ஏறக்குறைய முப்பதாண்டு. அம்மாவுக்கு 63 வயது. பிரிட்டனில் 2012 ஜூலையில் வந்த விதிப்படி, அன்றாடக் காரியங்களுக்கே பிறர் கை வேண்டும் என்ற நிலைக்கு முதியவர் வந்திருக்க வேண்டும். அந்தக் கவனிப்பு சொந்த ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று காட்டவும் வேண்டும். அந்தத் தகுதி அம்மாவுக்கு வரவே கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொள்ள முடியும்.

ஒரு நாள் அம்மா அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்னைய எதுக்குப்பா இந்தக் கட்டத்துல போட்ட? நான் வாரேன்னு எப்பச் சொன்னேன்?" நான் விளக்கத் தொடங்கியதும், ரேஷன் கடையில் அன்றைக்குப் பாமாயில் போடுகிறார்கள் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்தக் கேள்வியை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பீரோவிலிருந்து வந்த கடிதம்

ஆலோசனை அலுவலகத்திலிருந்து திரும்பிய அன்று இரவு நான் கத்திக்கொண்டிருந்தேன். பொய்த் தகவலுக்குக் கனடாவின் சட்டத்தில் ஐந்தாண்டுத் தடை, நாற்பதாவது பிரிவு, அந்தப் பையனுக்கு அது தெரியுமா, தெரிந்தும் சொன்னானா என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டையும் மடித்து அடுக்கிவிட்டு, பீரோவைத் திறந்து, விண்ணப்பத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த தன் அனுபவச் சான்றிதழ்க் கோப்பை எடுத்துவந்தாள். அதிலிருந்து ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்தாள்.

2018இல் சென்னை நிறுவனம் அவளை விடுவித்துக் கொடுத்த கடிதம். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் மடிப்புகூட விழவில்லை. பணிக்காலம், பதவி, நன்னடத்தை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "விலகியதற்கான காரணம்" என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: திருமணம். அந்த மாதம்தான் ஆறு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு அவளைத் தலைமையாகப் போடுவதாக இருந்தார்கள். எனக்கு மதுரைக் கிளையில் சீனியரிடமிருந்து பிரிந்து தனியாகப் பெயர்ப்பலகை மாட்டிய சமயம். கட்சிக்காரர்களை விட்டு நகர முடியாது. அதனால் அவள் இங்கே ஒரு சிறிய நிறுவனத்தில், வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்குச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். 2020இல் வீட்டிலிருந்தே வேலை என்று வந்த பிறகுதான் சென்னையும் அந்தப் பதவியும் அவளுக்குத் திரும்பக் கிடைத்தன.

"இதுல எனக்கு எத்தனை பாயின்ட் போச்சுன்னு அன்னிக்கு யாரும் கூட்டிப் பாக்கலைங்க. நீங்களும் பாக்கலை. நானுந்தான் பாக்கலை" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோயம்புத்தூர்க்காரி, கோபம் வந்தாலும் "ங்க" போய்விடாது என்பதால் எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு. ஆனால் அன்று நிஜமாகவே இல்லை. ஒரு கணக்கில் விட்டுப்போன வரியை எடுத்துக் காட்டும் ஆடிட்டர் போலத்தான் சொன்னாள். பிறகு தோசைக்கல்லை அடுப்பில் வைக்கப் போனாள்.

நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா ஆசிரியர் பயிற்சி முடித்து, திருநெல்வேலிப் பக்கம் ஒரு பஞ்சாயத்துப் பள்ளியில் சேர்ந்து, அப்பாவைக் கட்டிக்கொண்டதும் அந்த வேலையை விட்டவள். எங்கள் குடும்பத்தில் இது அம்மாவின் பெருமைகளில் ஒன்றாகச் சொல்லப்படும் கதை. நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசா வாங்கிய கணவன்களோடு எச்-4 என்ற துணை விசாவில் போய், பொறியியல் பட்டத்தை அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருந்த பெண்களை எங்கள் சொந்தத்திலேயே மூன்று பேரைச் சொல்ல முடியும். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி என்பதே 2015இல்தான் வந்தது. அவர்களைப் பற்றிப் பேசும்போது "அமெரிக்காவில் செட்டில் ஆகிவிட்டாள்" என்றுதான் சொல்வோம். சார்ந்து வருபவர் என்ற அந்தக் கட்டத்தில் எங்கள் வீட்டு ஆண் ஒருவன் பெயர் விழுந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. விழுந்து மூன்று மணி நேரத்துக்குள் அவன் சட்டப்பிரிவு எண்ணோடு கத்தத் தொடங்கிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி

மறுநாள் அவள் நோட்டில் புதிதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டாள். ஏற்கெனவே இருந்தவற்றை நெருக்கித்தான் இடம் பண்ண வேண்டியிருந்தது. தலைப்பு என்று எதுவும் எழுதவில்லை. ஒரு கேள்விதான்: போய் ஐந்தாவது ஆண்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நாம் இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருப்போம்? ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு வரி, ஆளுக்கு ஒன்று. சம்பளம் எழுதக்கூடாது, காரியம்தான் எழுத வேண்டும்.

அவளுக்கான வரியை எழுதுவது எளிது. கணினி எங்கே போனாலும் கணினிதான். என் வரியில்தான் பேனா நின்றது. செவ்வாய்க்கிழமை பத்து மணி என்றால் நான் மாவட்ட நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு ஒன்றுக்குக் குமாஸ்தாவை விரட்டிக்கொண்டிருப்பேன், அல்லது மேலூர் சாலையில் மதுரைக் கிளையை நோக்கி வண்டியில் போய்க்கொண்டிருப்பேன். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று என்று நான் கற்ற வித்தையெல்லாம் நான்கைந்து தாலுகாவுக்குள் செல்லுபடியாகும் நாணயம். ஒரு பெரியவர் மஞ்சப்பையிலிருந்து பத்திரங்களை மேசையில் கொட்டும்போது, எந்தக் கையெழுத்து அண்ணன் போட்டது, எது அண்ணன் பேரில் வேறு ஆள் போட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தே பாதி ஊகித்துவிடுவேன். குறுக்கு விசாரணையில் சாட்சி "அப்படித்தானுங்க" என்று இழுப்பதற்கும் "அப்படித்தான்" என்று வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் என் பிழைப்பு. இதை எந்தச் சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவது?

ஜெர்மனி அவளுக்கு மிகப் பொருந்தியது. ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி கிடைத்தால், ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சியோடு 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி; எனக்கும் முதல் நாளிலிருந்தே எந்த வேலையும் பார்க்க உரிமை. ஆனால் அங்கே சட்டத்தின் வேரே வேறு. சொந்த நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லும் அயல்நாட்டு வக்கீலாகப் பதிந்துகொள்ளலாமே தவிர, நீதிமன்றப் படி ஏறுவதற்கு அங்கே சட்டப் படிப்பை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். "கிடங்கில் பெட்டி அடுக்குவேன், அதில் என்ன?" என்று எழுதினேன். "உங்களால முடியும்னு தெரியுங்க. முடியுமான்னு நான் கேக்கலை" என்று அதை அடித்துவிட்டாள். கனடாவில் வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிகளுக்கு அரசமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல், கனடியச் சட்ட அடிப்படைகள், தொழில் ஒழுக்கம் ஆகியவற்றில் தேர்வு உண்டு. அதற்குப் பிறகு மாகாண வக்கீல் சங்கத்தின் படிகள். நடக்கக்கூடிய காரியம்தான். ஆஸ்திரேலியாவில் பதினொரு பாடங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அவற்றில் எவற்றை மறுபடி படிக்க வேண்டும் என்பது மாநில வாரியத்தின் கையில். இங்கிலாந்தில் 2021 முதல் எல்லோருக்கும் பொதுவான சொலிசிட்டர் (அங்கத்திய வக்கீல்) தகுதித் தேர்வு. முதல் கட்டத்தில் 360 கேள்விகள், அதை இங்கிலாந்துக்கு வெளியே பல நாடுகளிலும் எழுதலாம். ஏற்கெனவே வேறு நாட்டில் வக்கீலாக இருப்பவருக்கு இரண்டாண்டுப் பயிற்சி என்ற நிபந்தனை கிடையாது. இரண்டு கட்டத்துக்கும் சேர்த்துக் கட்டணம் ஐயாயிரம் பவுண்டை நெருங்குகிறது. பாடத்திட்டத்தைப் பார்த்தபோது பழைய வகுப்புத் தோழர்களைச் சந்தித்தது போல இருந்தது: காய்ச்சலைத் தடுக்கும் என்ற புகைப்பந்து விளம்பரத்தை நம்பி ஏமாந்து 1892இல் வழக்கில் வென்ற திருமதி கார்லில்; ஸ்காட்லாந்தில் இஞ்சி பீர் போத்தலுக்குள் நத்தையைக் கண்டு 1932இல் சட்டத்தையே மாற்றிய திருமதி டொனஹ்யூ. மதுரைச் சட்டக் கல்லூரி வகுப்பறையில் அந்த நத்தையை மனப்பாடம் செய்யாதவர் யார்?

கனடா இதற்கிடையில் தானாகவே விலகிக்கொண்டது. 2024 முழுக்கப் பொது அழைப்புச் சுற்றுகளுக்கு வேண்டிய புள்ளி 500க்குக் கீழே இறங்கவில்லை. அக்டோபரில், 2025க்கு வைத்திருந்த 5 லட்சம் குடியேறிகள் என்ற இலக்கை 3,95,000ஆகக் குறைத்தார்கள். 2025 பிப்ரவரியில் மனைவிக்கு 34 பிறந்தது. பாயசத்தோடு ஐந்து புள்ளி போயிற்று, நான் அரும்பாடுபட்டு ஈட்டிய மூன்றையும் இழுத்துக்கொண்டு. அடுத்த மாதமே வேலைக் கடிதத்துக்குக் கிடைத்துவந்த கூடுதல் புள்ளிகளையும் எடுத்துவிட்டார்கள். உடன் வருபவரா, வராதவரா என்ற கேள்விக்கு அவசியமே இல்லாமல் போனது.

மிஞ்சியவை ஜெர்மனியும் பிரிட்டனும். நான் ஜெர்மனி என்றேன், அவள் பிரிட்டன் என்றாள். வாதம் சுவையானதுதான், ஒவ்வொருவரும் அடுத்தவருக்காக வழக்காடினோம். 2018இல் அவள் எனக்காக இறங்கி வந்தாள், இந்தத் தடவையும் என் தொழிலை வைத்தே நாடு முடிவானால் அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டியதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பிரிட்டனில் அவளுக்கு ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் கிடைக்க வேண்டும். அதற்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டு ஆகியிருக்கிறது. சுகாதாரக் கட்டணம் மட்டும் ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, இருவருக்கு ஐந்தாண்டுக்கு 10,350. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான ஐந்தாண்டைப் பத்தாக்கப் போவதாக 2025 மே மாதத்து அரசு வெள்ளை அறிக்கை வேறு சொன்னது. சுமையெல்லாம் அவள் தலையில். அவள் பதில் வேறு மாதிரி இருந்தது. லீட்ஸானாலும் பெர்லினானாலும் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தன் வரி ஒன்றேதான். 34 வயதில் புதிதாக ஒரு மொழி படித்து, கடைக்காரரிடம் திக்கித் திணறத் தனக்கு ஆசையில்லை. இது தனக்காகவே தான் சொல்வது. அது முழு உண்மையா, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இத்தனை சாட்சிகளை விசாரித்தவனுக்கு வீட்டுச் சாட்சியிடம் குறுக்கு விசாரணை செய்யத் துணிவில்லை.

கடைசியில் ஒரு வாய்தா போட்டுக்கொண்டோம். அடுத்த சித்திரைவரை அவள் பிரிட்டனில் வேலை தேடுவாள். நான் இங்கிருந்தே முதல் கட்டத் தேர்வுக்குப் படிப்பேன். அதற்குள் ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் நோட்டில் ஜெர்மனிப் பக்கம் திரும்பத் திறக்கும், நான் ஜெர்மன் மொழியின் தொடக்கநிலையான ஏ1 வகுப்புக்குப் போவேன். அப்போது கிடங்கு என்று எழுதினால் அவள் அடிக்கக்கூடாது. இதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். "அம்மா" பத்தியில் அம்மா உணர்த்தியதையே எழுதிவைத்தோம்: அவளை யாரும் கேட்கவில்லை.

போன வாரம் மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மஞ்சப்பையோடு அலுவலகத்துக்கு வந்தார். தன் தம்பி மக்களோடு வரப்புத் தகராறு; ஒன்பதாவது ஆண்டாக நடக்கிறது. மேசையில் விரித்துக்கிடந்த தடிப் புத்தகத்தைப் பார்த்து அது என்ன என்றார். இங்கிலாந்து நிலச் சட்டம் என்றேன். அங்கே அரசாங்கமே ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், பதிவில் பிழை வந்து நட்டப்பட்டால் அரசே ஈடு கொடுக்கும், நம்மூர்ப் பட்டா மாதிரி வெறும் வருவாய்க் கணக்கு அல்ல என்று ஆர்வமாகவே விளக்கினேன். பெரியவர் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அங்க வக்கீலுக்கு என்ன சார் வேலை?"